பூனை பழிவாங்குவதில்லை

முந்தாநாள் ஒருவர் தன் பூனையைப் பற்றிப் போட்ட பதிவின் கீழே நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. மெத்தையில் ரெண்டு சொட்டு சிறுநீர், துணிக்கூடையில் ரெண்டு சொட்டு, குளியலறை மூலையில் ரெண்டு சொட்டு. "நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வந்ததுக்கு இவன் பழிவாங்குறான்" என்று ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கச் சொன்னார் ஒருவர். ரெண்டு நாள் பட்டினி போட்டால் திருந்திவிடும் என்றார் இன்னொருவர். நான் எழுதியது ஒரே ஒரு வரி: "கடுவன், அதாவது ஆண் பூனை என்றால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீர் அடைப்பாக இருக்கலாம்." அதற்கு வந்த பதில்: "வந்துட்டாங்கப்பா பூனை டாக்டர்."

சரி, நான் டாக்டர் இல்லை. ஆனால் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பூனை பழிவாங்குவதில்லை.

பழிவாங்க வேண்டுமென்றால், நீங்கள் செய்த தப்பை அது மனதில் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு எது அருவருப்பு என்று யோசிக்க வேண்டும். நேரம் பார்த்து அதைச் செய்ய வேண்டும். பூனைக்குத் தன் சிறுநீர் அருவருப்பான பொருளே இல்லை, அது அதன் சொந்த வாசனை. அதை வைத்து உங்களைத் தண்டிக்கலாம் என்ற எண்ணம் அதற்கு எங்கிருந்து வரும்? சிறுநீர் கழிக்க நாம் வைக்கும் மணல் தட்டில் உட்காரும்போதெல்லாம் வலித்தால், அந்தத் தட்டுதான் வலிக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். உடனே வேறு இடம் தேடும். மெத்தை மெத்தென்று இருக்கிறது, குளியலறைத் தரை குளிர்ச்சியாக இருக்கிறது. அவ்வளவுதான் அதன் கணக்கு.

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

என் பூனை கரியனுக்கு அப்போது நான்கு வயது. ஒரு நாள் முழுக்கத் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்தேன். சாயங்காலம் என் தலையணையில் ஏறி, என் முகத்தைப் பார்த்தபடியே ரெண்டு சொட்டு விட்டான். எனக்கு வந்த கோபத்தில் முதுகில் ஓர் அடி வைத்தேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் ராத்திரி முழுக்க வெளியே வரவில்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்து நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் வாந்தி, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் வயிற்றில் கை வைத்ததும் சொன்னார், சிறுநீர்ப்பை கல் மாதிரி இருக்கிறது என்று. "குர்குர்னு சத்தம் போடுறானே டாக்டர், ரொம்ப வலி இருக்காதுல்ல?" என்று கேட்டேன். வலியிலும் பூனை அப்படிக் குர்குர்க்கும் என்றார்.

கடுவனின் சிறுநீர்க்குழாய் நீளமானது, முனையில் மிகவும் குறுகலானது. சளியும் உப்புப் படிகங்களும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொண்டால் சிறுநீர் பின்னுக்குத் தேங்கும், சிறுநீரகம் திணறும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், கடைசியில் இதயம் நின்றுவிடும். இது வாரக்கணக்கில் நடப்பதில்லை. முழு அடைப்பு என்றால் ரெண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். கரியனுக்கு மயக்கம் கொடுத்து, சிறுநீர் வடியக் கதீட்டர் குழாய் போட்டு, மூன்று நாள் டிரிப்ஸில் வைத்தார்கள். பிழைத்தான். பிழைக்காமல் போயிருந்தால் என் கையிலிருந்து அவனுக்குக் கடைசியாகக் கிடைத்தது அந்த அடியாக இருந்திருக்கும். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

"நாய் தப்பு செய்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு பார்க்கிறதே, பூனைக்கு மட்டும் ஒன்றும் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நாயின் அந்தப் பார்வையை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதித்துப் பார்த்துவிட்டார். தின்னாதே என்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. எஜமானர் திட்டினால் அந்தப் பார்வை வந்தது. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. நாம்தான் அவற்றின் முகத்தில் நம் கதையை எழுதிப் படிக்கிறோம்.

"ஊருக்குப் போய் வந்த பிறகுதானே செய்தது?" இதுவும் கேட்டார்கள். ஆமாம், தொடர்பு இருக்கலாம். வீட்டு ஆள் காணாமல் போவது, இடம் மாறுவது, புதுப் பூனை வருவது, இந்தப் பதற்றத்திலேயே பூனையின் சிறுநீர்ப்பை வீங்கிப் புண்படும். வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத அழற்சி பூனைகளுக்கு மிகச் சாதாரணம். நீங்கள் கோபம் என்று சொன்னது, நீங்கள் இல்லாத நான்கு நாளில் அது பட்ட பாடு. பட்டினி போடச் சொன்னவருக்கும் ஒன்று: சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

கருத்தடை செய்யாத கடுவன் எல்லை குறிக்கப் பீய்ச்சும், தட்டு அழுக்காக இருந்தால் வெளியே போகும் என்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லை குறிக்கும் பூனை பெரும்பாலும் நின்றபடி, வாலைத் தூக்கிச் சுவரில் அடிக்கும். முக்கி முக்கி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக விடாது. டாக்டர் செலவுக்குப் பயந்திருப்பார் என்கிறீர்களா? பணம் இல்லை என்று பதிவு போட்டவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாம் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்திருப்போம். அங்கே யாரும் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கேலி செய்தது போகட்டும். கரியன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் போன் செய்து விசாரித்தவர்கள் இரண்டு பேர் அந்தச் சிரிப்பு முகங்களில் இருந்தார்கள். பெயரைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். அவர்களுக்கு அந்த மூன்று நாள் என்னவாக இருந்தது? எனக்காகப் பொறுத்துக்கொண்டார்களா? "உணர்ச்சிவசப்படாதே, வெறும் பூனைதானே" என்று நேற்று அவர்களில் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். வலியைச் சொல்ல வாய் இல்லாத ஒன்று, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிப் பார்த்திருக்கிறது. நான் அதற்கு உணர்ச்சிவசப்படத்தான் செய்வேன்.

பதிவு போட்டவருக்கு அன்றைக்கே தனியாகவும் செய்தி அனுப்பினேன். இன்று காலையும் கேட்டேன், "சிறுநீர் போனானா? சாப்பிட்டானா?" என்று. பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. இன்னும் பதில் வரவில்லை.