மறுபடியும் அறுவையா என்று சிரித்தவர்களுக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை இங்கே மொரிஷியஸில் நம் கோவில் மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று நான்கு நாள்களாக மனத்தை அடக்கி வைத்திருந்தேன். அங்கே எடுத்த காணொளி என் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை. நீரிழிவு விழிப்புணர்வுக்காக ஒலிவாங்கியைப் பிடித்த அண்ணன், "வயிற்றை வெட்டிக்கொண்டும் சிலருக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை, இப்போது மறுபடியும் வெட்டிக்கொள்ளப் போகிறார்களாம்" என்று சொன்னபோது யாருடைய பெயரையும் சொல்லவில்லை என்பது உண்மைதான். சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் எத்தனை தலைகள் திரும்பின என்பது அந்தக் காணொளியிலேயே தெரிகிறது.

ஆம், எடையைக் குறைக்க முன்பு இரைப்பையில் அறுவை செய்துகொண்ட நான், இப்போது மறு அறுவை செய்துகொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. உடற்பருமன் ஒரு நோய். நோய்க்கு ஒரு முறை செய்த சிகிச்சை பத்து ஆண்டுகள் கழித்துப் போதாமல் போகலாம், அல்லது அந்தச் சிகிச்சையாலேயே வேறொரு தொல்லை வரலாம். அப்போது மருத்துவர் அடுத்த வழியைப் பார்ப்பார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் இவ்வளவைச் சொல்வதற்கு நம்மவர்களிடம் எத்தனை முறை வாதாட வேண்டியிருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

2015ஆம் ஆண்டில் என் எடை 118 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு (HbA1c) ஒன்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் என் அம்மாவுக்குச் சர்க்கரைப் புண்ணால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். அந்தக் கட்டுக்கு மருந்து மாற்றிய கை என்னுடையது. அதே நோய் எனக்குள்ளும் வளர்ந்துகொண்டிருப்பதைத் தெரிந்துகொண்டே நான் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அறுவைக்குப் பணம் சேர்க்க மூன்று ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் வாழ்ந்தோம். அந்தத் தொடருக்கு என் வீட்டில் பொருள் உண்டு. அதனால்தான் மேடையிலிருந்து "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று கேட்டபோது அது என் உடம்பின்மேல் விழுந்த சொல்லாக மட்டும் எனக்குப் படவில்லை, கடன் வாங்காமல் அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்த என் கணவரின்மேலும் விழுந்தது.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டேன். இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் அளவில் ஒரு குழாயாக்கிவிடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் உண்டாகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டறியும் வரைக்கும் பசி என்பது மனத்தின் வேலை என்றே பலரும் நினைத்திருக்கக்கூடும். அந்த மேற்பகுதி போன பிறகு ஒன்றரை ஆண்டு எனக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியவில்லை. 118 கிலோவாக இருந்தவள் 74க்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்துக்கொண்டு கோர் தெ கார்த் மலைப் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறினேன். அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்தவர்கள், படம் எடுத்தவர்கள், மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைக் கேட்டவர்கள் எல்லாரும் என் நினைவில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கியைப் பிடித்த அண்ணனும் தம் உறவினர் ஒருவருக்காக அந்த எண்ணைக் கேட்டு வாங்கினார். அன்றைக்கு எனக்கு மனவுறுதி மிகுதி என்று பாராட்டினீர்கள். அது மனவுறுதி இல்லை, பசி இல்லாமல் போனதுதான் காரணம் என்று நான் அப்போதே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்காம் ஆண்டில் பசி திரும்பியது. முதலில் இரண்டு கிலோ, பிறகு ஐந்து, இப்போது 97. இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் என்று நினைப்பவர்கள், ஸ்வீடனில் 1987இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வைப் பற்றிப் படித்துப் பார்க்கலாம். அறுவை செய்துகொண்டவர்களின் எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு ஒரு பகுதி ஏறி, அதன் பின்னரே நிலைபெற்றது. அப்படி ஏறிய பிறகும் அவர்களிடையே இறப்பு குறைந்திருந்தது என்று 2007இல் எழுதினார்கள். எடை இழந்த உடம்பு, அதே எடையுள்ள வேறோர் உடம்பைவிடக் குறைவாகவே செலவழிக்கிறது, இழந்ததைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறது. இதற்கு என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் என்ன பயன்?

ஆனால் மறு அறுவையைப் பற்றி நான் யோசிப்பதற்கு எடை முதற்காரணமே இல்லை, இதைத்தான் கேட்க ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தொண்டையில் நெருப்பை ஊற்றியதுபோல் எரிந்து எழுந்து உட்காருகிறேன். புளிப்பும் கசப்புமாக ஒரு நீர் மூக்குவரை ஏறி வந்து மூச்சை அடைக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கற்கள் வைத்திருக்கிறோம். மூன்று தலையணைகளின்மேல் சாய்ந்தபடிதான் தூக்கம். காலையில் வகுப்பில் "அகர முதல" என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கும்போது குரல் கம்மி இருக்கும். ஸ்லீவ் செய்த இரைப்பை ஒடுங்கிய குழாய் என்பதால் அதற்குள் அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறுவது பலருக்கும் நேர்வதுதான். என் இரைப்பையின் மேல்முனை உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறியிருப்பதும், உணவுக்குழாயில் புண் இருப்பதும், வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் தெரிந்தன. ஆண்டுக்கணக்கில் அமிலம் பட்டால் உணவுக்குழாயின் உட்தோலே மாறிவிடலாம், அரிதாக அது புற்றுநோயில் போய் முடியலாம் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரையை இரண்டு வேளையாக்கியும் எரிச்சல் நிற்காததால்தான் ஸ்லீவை இரைப்பைப் பைபாஸாக மாற்றும் பேச்சே வந்தது. மேலே சிறு பை ஒன்றை மட்டும் விட்டு, சிறுகுடலை அதனுடன் நேராக இணைத்துவிட்டால் அமிலமும் பித்தமும் மேலே வரும் வழி பெரும்பாலும் அடைபடும். இதில் என் வாய் எங்கே வந்தது?

"எடை குறைக்கும் ஊசி இருக்கிறதே, எதற்குக் கத்தி?" என்று கேட்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். அந்த ஊசியால் பலருக்கு நன்மை, அதை நான் குறை சொல்லவில்லை. நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி ஓராண்டில் திரும்பியதை ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள். மேலே ஏறிய இரைப்பையை ஊசி கீழே இறக்காது. என் மருத்துவரும் நானும் பேசிவிட்டோம், அது எங்களுக்குள் இருக்கட்டும்.

"மருத்துவர்கள் காசுக்காகச் செய்கிறார்கள்" என்பவர்களை நான் முழுவதும் மறுக்க மாட்டேன். முதல் அறுவைக்கு முன் அமிலம் ஏறக்கூடும் என்று எனக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. எனக்கு முன்பே நெஞ்செரிச்சல் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே பைபாஸைத் தேர்ந்திருக்கலாம். நான்கு நாள் படுக்கை, ஒரு கோப்பு, வைட்டமின் பட்டியல், விமான நிலையம். அதன் பிறகு அங்கிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. மூன்றாம் ஆண்டில் நானும் மாத்திரைகளை விட்டுவிட்டேன், அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். பி12 குறைந்து பாதங்கள் மரத்துப்போன பிறகுதான் திரும்பத் தொடங்கினேன். பாதம் மரத்ததும் எனக்கு அம்மாவின் கால்தான் கண்முன் வந்தது. அந்த வாரம் முழுவதும் நான் தூங்கவில்லை.

"நடந்தால் போதும், குறைத்துச் சாப்பிட்டால் போதும்" என்பதுதான் எல்லாரும் கையில் வைத்திருக்கும் கல். காலை ஐந்தரை மணிக்கு போ பாசானில் பால்ஃபர் தோட்டத்தைச் சுற்றி நடக்கும் என்னை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள், கையசைத்தும் இருக்கிறீர்கள். இந்தத் தீவுக்கே தெரிந்த ஒரு பாடத்தை நினைவூட்டுகிறேன். 1987இல் நம் நாட்டில் நடந்த பெரிய உடல்நலக் கணக்கெடுப்பு நீரிழிவும் கொழுப்பும் எவ்வளவு பரவியிருந்தன என்று காட்டியது. அரசு ரேஷன் எண்ணெயில் பாமாயிலை விட்டு சோயா எண்ணெய்க்கு மாறியது. 1992இல் மறுபடி அளந்தபோது மக்களின் ரத்தக் கொழுப்பு நன்றாகவே குறைந்திருந்தது. ஐந்து ஆண்டுகளில் போர்ட் லூயியிலிருந்து க்யூர்பிப் வரை எல்லாரும் ஒன்றாக நாவை அடக்கக் கற்றுக்கொண்டார்களா? எண்ணெய் மாறியது, ரத்தம் மாறியது. அதே ஐந்து ஆண்டுகளில் உடல் எடை கூடியது என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. ஒரு தீவு முழுவதும் பருத்ததைத் தனித்தனி ஆள்களின் பேராசை என்று சொல்லிவிட முடியுமா? காலையில் தால்பூரி, பத்து மணிக்குக் கடையில் வறுத்த மிளகாய் வடை, மாலையில் பிறந்தநாள் கேக், எல்லாவற்றிலும் "ஒன்று எடுத்துக்கொள், தாந்தின் (அத்தை), கோபமா?" என்கிற அன்பு. மறுத்தால் திமிர் என்கிறீர்கள், எடுத்துக்கொண்டால் வாயைக் கட்டத் தெரியவில்லை என்கிறீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நம் நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவருக்கு இதயத்தில் வைத்த ஸ்டென்ட் மறுபடி அடைத்துக்கொண்டு இரண்டாம் முறை வைத்தார்கள். கோவிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை நடந்தது, நானும் தேங்காய் பழத்தட்டோடு நின்றேன், மனமார வேண்டிக்கொண்டேன். அவர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் மேடையில் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். மாற்றி வைத்த மூட்டுத் தேய்ந்தால் மறுபடி மாற்றுகிறார்கள். கண்புரை எடுத்த கண்ணில் திரை விழுந்தால் மறுபடி லேசர் வைக்கிறார்கள். வயிறு என்று வந்தால் மட்டும், அதுவும் ஒரு பெண்ணின் வயிறு என்று வந்தால் மட்டும், சிகிச்சை சிரிப்பாகிவிடுகிறது. இருபது ஆண்டுகளாகக் கடைத்தெருவிலும் பேருந்திலும் "தொ ஃபின் வின் க்ரோ" என்று முகத்துக்கு நேரே கேட்டு வருகிறேன், பருத்துவிட்டாய் என்பதை இந்த ஊரில் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். கோவிலுக்குள் ஒலிபெருக்கியில் கேட்க நான் தயாராக இருக்கவில்லை.

மறு அறுவை சுலப வழி என்றும் உங்களில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். முதல் அறுவையால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் திசுக்களைப் பிரித்துத்தான் இரண்டாம் அறுவை செய்ய வேண்டும், அதனால் கசிவுக்கும் ரத்தப்போக்குக்கும் வாய்ப்பு முதல் முறையைவிடக் கூடுதல். எடை முன்புபோல் இறங்காது, எரிச்சல் நின்றால் அதையே வெற்றியாகக் கொள்ளுங்கள் என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். பிறகு ஆயுள் முழுவதும் இரும்பும் கால்சியமும் தனித்தனி வேளையில், பி12, வைட்டமின் டி, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. மூட்டுவலிக்கு இபுப்ரோபேன் கூடாது, இணைத்த இடத்தில் புண் வந்துவிடும். தைப்பூச விரதத்துப் பத்து நாளிலும் பருப்பிலும் தயிரிலும் சோயாவிலுமாக நாளுக்கு 60 கிராம் புரதத்தைக் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பாயசம் நான்கு கரண்டி போனால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தரையில் படுக்க வேண்டியிருக்கும். இவ்வளவையும் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டு இன்னும் முடிவெடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் வந்து சுலப வழி என்று சொல்லாதீர்கள்.

அன்று பேச்சு முடிந்து ஏழு கறிப் பந்தி போட்டார்கள். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது, போனால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று உட்கார்ந்தேன். இரண்டு கரண்டிச் சோறு, பூசணிக்காய், கொஞ்சம் ரசம். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று விழுங்கினேன், அவசரப்பட்டால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். பலாக்காய்க் கறி அப்படியே இருந்தது. பரிமாறிய தம்பி, "என்ன மிஸ், அண்ணன் பேசியதைக் கேட்டுப் பயந்துவிட்டீர்களா?" என்று கேட்டான். அவன் என்னிடம் தமிழ் படித்தவன், கெட்ட எண்ணம் இல்லாதவன். நான் இலையை என் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து, கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றேன். பக்கத்தில் வந்து நின்ற ஒரு பாட்டி என் முதுகைத் தடவினார். ஒன்றும் கேட்கவில்லை.

வரும் வியாழக்கிழமை மறுபடியும் எண்டோஸ்கோபி இருக்கிறது. அதன் பிறகுதான் முடிவு. செய்துகொண்டாலும் இங்கேயே எழுதுவேன், வேண்டாம் என்று தீர்மானித்தாலும் எழுதுவேன். அடுத்த விழாவுக்கும் வருவேன். எனக்கு இரண்டு கரண்டிச் சோறு போதும், ரசத்தை மட்டும் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள்.