18 பின் சும்மா இருக்கட்டும்

தம்பி: அக்கா, ஒரு நிமிஷம். இந்த லிஸ்டைப் பார்த்துவிட்டு "சரி" என்று மட்டும் சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

அக்கா: நீ இப்படி ஆரம்பிக்கும்போதே சொல்ல நிறைய இருக்கும் என்று தெரிகிறது. கொடு. என்னடா இது, கேமிங் கம்ப்யூட்டரா? நீயே கட்டப்போகிறாயா?

தம்பி: ஆமாம். இதில் இருப்பது எல்லாமே ரிவ்யூவில் நல்ல பெயர் வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வீடியோ பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

அக்கா: தனித்தனியாகப் பார்த்தாய், சரி. சேர்த்து வைத்துப் பார்த்தாயா?

தம்பி: சேர்த்து வைத்துப் பார்க்கத்தானே வாங்குகிறேன்!

அக்கா: கடவுளே. சரி, முதல் வரி. இன்டெல் கோர் ஐ5 12400எஃப். 2022இல் வந்தது, ஆனாலும் கேமுக்குப் போதும். பேருக்குப் பின்னால் எஃப் இருந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. தெரியும்தானே?

தம்பி: எஃப் என்றால் ஃபாஸ்ட் என்று நினைத்தேன். பரவாயில்லை, கார்டுதான் இருக்கிறதே. அப்போ பிராசஸர் ஓகே! (தேவைக்கு மேலேயே சந்தோஷப்படுகிறான்.)

அக்கா: அடுத்தது மதர்போர்டு, பி650. டேய், இது ஏஎம்டி பிராசஸருக்கான போர்டு! இதில் இருக்கிற சாக்கெட், அதாவது பிராசஸர் உட்காருகிற இடம், ஏஎம்5. உன்னுடையது எல்ஜிஏ 1700.

தம்பி: அந்த 1700 என்ன கணக்கு?

அக்கா: சாக்கெட்டில் அத்தனை பின் நிற்கும். பிராசஸருக்கு அடியில் அதற்கு நேராகத் தங்க நிறத்தில் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு பின்னும் தன் புள்ளியைத் தொட வேண்டும்.

தம்பி: ஏஎம்5இல் எத்தனை பின்?

அக்கா: 1718.

தம்பி: அட, 18 தானே அதிகம்! அந்த 18 பின் ஒரு ஓரமாகச் சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே.

அக்கா: கூட்டத்தில் 18 பேர் நாற்காலி கிடைக்காமல் நிற்கிற கதையா இது? எந்தப் பின்னில் மின்சாரம் வரும், எதில் டேட்டா போகும் என்பதெல்லாம் மொத்தமாக வேறு. அதை விடு, உருவமே வேறு. ஏஎம்5 பிராசஸர் 40க்கு 40 மில்லிமீட்டர், சதுரம். உன்னுடையது 45க்கு 37.5.

தம்பி: திருப்பி வைத்தால்?

அக்கா: திருப்பி வைத்தால் 37.5க்கு 45. அடுத்தது என்ன, ரேம். டிடிஆர்4 ரகம், 8 ஜிபி வீதம் நான்கு. நீ எடுத்திருக்கிற பி650 போர்டில் டிடிஆர்5 மட்டும்தான் போகும்.

தம்பி: இது எனக்குத் தெரியும், பார்த்துவிட்டேன்! டிடிஆர்4இல் 288 பின், டிடிஆர்5இலும் 288 பின். ஒன்றுகூட வித்தியாசம் இல்லை.

அக்கா: பின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் நடுவில் ஒரு வெட்டு இருக்கிறதே, அது இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. தப்பான ரேமை யாரும் செருகிவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

தம்பி: கொஞ்சம் அழுத்தினால்?

அக்கா: உன்னை மாதிரி ஆட்களை நினைத்துத்தான் அந்த வெட்டையே வைத்தார்கள்.

தம்பி: எண்ணிக்கை வேறாக இருந்தாலும் பொருந்தாது, ஒன்றாக இருந்தாலும் பொருந்தாது என்றால் நான் எதைத்தான் பார்த்து வாங்குவது?

அக்கா: போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கு என்று ஒரு பக்கம் இருக்கும், எந்த பிராசஸர், எந்த ரேம் என்று பட்டியலே போட்டிருப்பான். அதைப் படி. அரை மணி நேர வீடியோவில் அரை வரிகூட அதைப் பற்றி இருக்காது, எல்லாம் லைட் எரிகிற அழகுதான். சரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, உன்னைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. 12ஆம் தலைமுறை இன்டெலுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பி760 என்கிற இன்டெல் சிப்செட் (போர்டின் முக்கியச் சிப்) உள்ள போர்டில் டிடிஆர்4 ரகமாகப் பார்த்து எடுத்தால் போர்டை மட்டும் மாற்றினால் போதும். அந்தச் சிப்செட் வந்ததே உன் பிராசஸருக்கு அப்புறம்தான் என்பதால் பயாஸ், அதாவது போர்டைத் தொடங்கி வைக்கிற மென்பொருள், அதை அப்டேட் செய்கிற தொல்லையும் இல்லை.

தம்பி: அப்போ ரேமும் தப்பித்தது! (மொபைலில் அவசரமாக எதையோ தட்டிப் பார்க்கிறான்.)

அக்கா: நான்கு ரேமுக்குப் பதில் 16 ஜிபியில் இரண்டு என்று வாங்கினால் இன்னும் நல்லது, சொல்லிவிட்டேன். எதுவானாலும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்கிற ரேம் வேக அமைப்பை ஆன் செய். பெட்டியில் 3600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அதை ஆன் செய்யும் வரை அந்த வேகம் வராது.

தம்பி: செய்கிறேன். அடுத்ததைப் பார்த்தால் அசந்துவிடுவாய். கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 4090.

அக்கா: அசந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருகிற பெட்டி, எஸ்எம்பிஎஸ், எவ்வளவு வாட்?

தம்பி: கார்டு 450 வாட் என்று போட்டிருந்தது. தேடித் தேடிச் சரியாக 450 வாட் எஸ்எம்பிஎஸ் எடுத்தேன். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்!

அக்கா: பிராசஸர் எதில் ஓடும்?

தம்பி: ...

அக்கா: ஃபேன்? போர்டு? எஸ்எஸ்டி?

தம்பி: அதெல்லாம் சின்னச் சின்னச் சாமான்தானே, அக்கா. கார்டு சாப்பிட்டது போக மிச்சத்தில் ஓடாதா?

அக்கா: மிச்சம் பூஜ்யம். அந்தக் கார்டுக்கு என்விடியாவே சொல்வது குறைந்தது 850 வாட். கேம் நடுவில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குச் சடாரென்று இழுவை ஏறும், அதையும் தாங்க வேண்டும். உன் எஸ்எம்பிஎஸ்ஸில் கேமைத் திறந்தால் அடுத்த நிமிஷம் மெஷின் அணைந்துவிடும்.

தம்பி: ஆனால் அது கோல்டு!

அக்கா: கோல்டு என்பது கரன்ட்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கான முத்திரை. வாட் அதில் ஏறாது.

தம்பி: அப்போ பழைய கம்ப்யூட்டரில் ஒரு எஸ்எம்பிஎஸ் இருக்கிறது, அதன் கேபிளை எடுத்து இதில்...

அக்கா: தொடாதே! கழற்றி மாட்டுகிற கேபிளை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே கூடாது. பிளக் பார்க்க ஒன்றாக இருக்கும், அழகாக உட்காரும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது ஆளுக்கு ஒரு மாதிரி. எஸ்எஸ்டி கருகிப் போகும். பொருந்தாததுகூடப் பரவாயில்லைடா, பொருந்துகிற மாதிரி நடிக்கிறதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

தம்பி: சரி சரி, கத்தாதே. கடைசியாக கேபினெட். சின்னதாக, நான்கு பக்கமும் கண்ணாடி. இதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரே கட்ட ஆசை வந்தது.

அக்கா: மினி ஐடிஎக்ஸ். இதற்குள் போகிற போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம்தான். நீ எடுத்திருந்த ஏடிஎக்ஸ் போர்டு 30.5 சென்டிமீட்டர் உயரம். கார்டு 28 சென்டிமீட்டர் வரைதான் போகும் என்று இங்கேயே எழுதியிருக்கிறான். என்விடியாவே தயாரிக்கிற 4090 30.4 சென்டிமீட்டர், மற்ற கம்பெனிகளுடையது பெரும்பாலும் அதைவிட நீளம்.

தம்பி: முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால்?

அக்கா: கார்டு தலையை நீட்டிக்கொண்டு வருகிறவர் போகிறவரைப் பார்க்கும். அது இருக்கட்டும், லிஸ்டில் மானிட்டரே இல்லையே?

தம்பி: பழசே நன்றாக ஓடுகிறது. அந்த நீலத் தலை, இரண்டு பக்கமும் திருகு இருக்குமே, அது.

அக்கா: விஜிஏவா! 4090இல் டிஸ்ப்ளேபோர்ட் மூன்று, எச்டிஎம்ஐ ஒன்று. உன் நீலத் தலைக்கு அங்கே ஓட்டையே இல்லை. கன்வர்ட்டர் போட்டு மாட்டினாலும் அந்தத் திரை வினாடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். கார்டு 200 ஃப்ரேம் போட்டுத் தள்ளும், உனக்கு வந்து சேருவது 60. தலைகீழாகப் போயிருக்கிறாய். முதலில் எந்தத் திரையில் விளையாடப்போகிறாய் என்று முடிவு செய்ய வேண்டும், அதற்குத் தகுந்த கார்டு, கார்டின் பசிக்கு எஸ்எம்பிஎஸ், கார்டின் நீளத்துக்கு கேபினெட். நீ கண்ணாடிப் பெட்டியில் ஆரம்பித்திருக்கிறாய்.

தம்பி: (ஈனஸ்வரத்தில்) இப்போது என்ன செய்யலாம்?

அக்கா: எழுதிக்கொள். மானிட்டர், 1080பி, 144 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 144 தடவை படத்தை மாற்றுவது. அதற்கு ஆர்டிஎக்ஸ் 4060 போதும், அது இழுப்பது 115 வாட்தான். எஸ்எம்பிஎஸ் 550 போதும் என்பார்கள், நீ 650 வாங்கு. கேபினெட்டைப் பெரிதாக, காற்று போகிற மாதிரி எடு. பிராசஸரும் ரேமும் அப்படியே இருக்கட்டும். இப்போது ஆர்டர் போடு.

தம்பி: அதில்தான் ஒரு சின்னச் சிக்கல். நேற்று ராத்திரியே போட்டுவிட்டேன்.

அக்கா: எதை?

தம்பி: பழைய லிஸ்டை. முழுசாக.

அக்கா: அப்புறம் எதற்குடா என்னிடம் கொண்டுவந்து காட்டினாய்?

தம்பி: நீ "சரி" என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தேன்.

அக்கா: கேன்சல் பட்டனைத் தேடு. முதலில் அந்த எஸ்எம்பிஎஸ், அப்புறம் கார்டு, போர்டு.

தம்பி: மூன்றும் கேன்சல் ஆகிவிட்டது. நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டிவிட்டேன். ஆனால் கேபினெட் மட்டும் காலையிலேயே கிளம்பிவிட்டதாம், திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

அக்கா: நாசம். அப்படியென்றால் போர்டை ஐடிஎக்ஸாகப் பார்க்க வேண்டும், அதில் ரேமுக்கு இரண்டு இடம்தான், உன்னிடம் நான்கு. எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஃப்எக்ஸ் என்று சின்ன அளவில் தேட வேண்டும்.

தம்பி: எதற்கு அவ்வளவு கஷ்டம்? நீ சொன்ன பெரிய கேபினெட்டையும் சேர்த்து வாங்கிவிடுகிறேன்.

அக்கா: அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எதை வைப்பாய்?

தம்பி: அதற்கும் தனியாக ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நிமிஷம், பார்த்துவிட்டு "சரி" என்று மட்டும் சொல்.