மான் கறியில் கொலஸ்ட்ரால் இல்லையா?

"காட்டு மான் கறியில் கொழுப்பு கம்மி, அதனால் கொலஸ்ட்ராலே கிடையாது" என்று சிலர் சொல்வதுண்டு. முதல் பாதி சரி, இரண்டாவது தவறு. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி 100 கிராம் பச்சை மான் கறியில் கொழுப்பு சுமார் 2.4 கிராம், கொலஸ்ட்ரால் 85 மில்லிகிராம். தசைச் செல்களின் சவ்விலேயே கொலஸ்ட்ரால் இருப்பதால், கொழுப்பை எவ்வளவு சீவி எடுத்தாலும் அது போகாது. தோல் நீக்கிய பண்ணைக்கோழியின் நெஞ்சுக்கறியிலும் கொழுப்பு ஏறக்குறைய இதே அளவுதான்! மான் கறி உண்மையில் முந்துவது இரும்புச்சத்தில்: 3.4 மில்லிகிராம், கோழி நெஞ்சுக்கறியில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது.

அப்புறம், "காட்டு மான் கறியில் ரசாயனமே இல்லை" என்று சொல்வதும் முழு உண்மையல்ல. ஈயத் தோட்டாவால் சுட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைத் தாண்டியும் கறிக்குள் சிதறியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கறியை தயவுசெய்து கொடுக்காதீர்கள்.