உச்சி தனியாகத் தெரியாவிட்டால் வீழ்படிவு இல்லையா?
தம்பி, நிக்கல் கலப்புலோகத்தின் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் பாய்ச்சி அணுக்களின் அடுக்கை அறியும் சோதனை) வரைபில் நிக்கலின் உச்சிகள் மட்டும் வந்தால் காமா பிரைம் வீழ்படிவே (உலோகத்துக்குள் பிரிந்து உருவாகும் நிக்கல்-அலுமினிய நுண்துகள்கள்) இல்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. காமா பிரைமுக்கும் அதைச் சூழ்ந்திருக்கும் தாய் உலோகத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே கனசதுர அடுக்குத்தான். அணுத்தள இடைவெளியில் வித்தியாசம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் 44 பாகை அருகே இரண்டின் உச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். செம்பு இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் 25, 35.5 பாகைப் பக்கம் மட்டும் மெதுவாக, நீண்ட நேரம் ஸ்கேன் செய்து பாருங்கள். தாய் உலோகத்துக்கு அங்கே உச்சி கிடையாது; காமா பிரைமுக்குச் சின்னதாக ஒன்று எழும்பும். துகள் மிக நுண்ணியது என்றால் அதுவும் பரந்து வரைபின் தரைக்கோட்டில் கரைந்துவிடும். அப்புறம் இலத்திரன் நுணுக்குக்காட்டியில்தான் பார்க்க வேண்டும்.