விதைப் பாக்கெட்டில் மட்டும் விளையும் காலிஃபிளவர்

மாடித்தோட்டம் போட எனக்குக் கை ராசி இல்லை என்று இனி யாராவது என்னிடம் சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது. மாமியார் சொன்னார், வயதானவர் என்று விட்டுவிட்டேன். கீழ் வீட்டு அக்கா சொன்னார், சிரித்து வைத்தேன். நேற்று விதை விற்ற கடைக்காரரே, "சில பேருக்குக் கை அப்படிம்மா, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பாக்கெட்டை நீட்டுகிறார். விதை விற்பவருக்கு என் கையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

நான் இருப்பது தருமபுரி. காய்கறிக்குப் பஞ்சமான ஊரா இது? பாலக்கோடு, மாரண்டஅள்ளிப் பக்கம் போனால் சாலைக்கு இரண்டு புறமும் தக்காளிதான். விலை விழுந்த வாரங்களில் பறிகூலிக்குக் கட்டாது என்று விவசாயிகள் வயிறெரிந்து ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதே மாவட்டத்தில் என் மாடியில் ஒரு ரசத்துக்குத் தக்காளி தேறவில்லை. செடி முழங்கால் உயரம் வரும்வரை ஒழுங்காக வருகிறது. அப்புறம் நுனி இலை மேல்நோக்கிச் சுருள ஆரம்பிக்கும், செடி அப்படியே நின்றுவிடும். இது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். ஆனால் மாடித்தோட்டக் குழுவில் படம் போட்டுக் கேட்டால் என்ன சொல்வார்கள்? "பஞ்சகவ்யா தெளிங்க சிஸ்டர்." "மீன் அமிலம் ஊத்துங்க சிஸ்டர்." வைரஸுக்கு மீன் அமிலம்! விவசாயி நோய் தாங்கும் வீரிய ரகத்தைக் குழித்தட்டு நாற்றாக வாங்கி நடுகிறார், வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுகிறார். எனக்குக் கிடைப்பதோ "தக்காளி - நாட்டு" என்று மட்டும் எழுதிய பாக்கெட். எந்த நாடு, எந்த ரகம் என்று கேட்டால் கடைக்காரர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்க்கிறார். பக்கத்தில் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்த ஊர் பெயரிலேயே 'பையூர் 1' என்று மானாவாரிக்கு ஏற்ற தக்காளி ரகம்கூட உண்டு. அதெல்லாம் கலர் பாக்கெட்டுக்கு வராது போல.

சரி, தக்காளியாவது போகட்டும். காலிஃபிளவர் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசினால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

காலிஃபிளவர் பூ கட்டுவதற்குக் குளிர் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குளிர் என்பது ரகத்தைப் பொறுத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பூசா தீபாலி, பூசா மேக்னா மாதிரி முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரியிலேயே பூ கட்டும். பின்பருவ ஸ்நோபால் வகைக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். தருமபுரி மார்கழியில் விடியற்காலை கொஞ்சம் நடுங்கும், பத்து மணிக்கு மேல் வெயில் வந்துவிடும். இங்கே ஸ்நோபால் வகையை வைத்தால் இலையாக இலையாக விட்டுக்கொண்டே போகும், நடுவில் ஒன்றும் இருக்காது. முன்பருவ ரகத்தைக் காலம் தப்பி வைத்தாலோ செடி வளர்வதற்கு முன்பே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூ விட்டுவிட்டு முடிந்துபோகும். ரகம் தெரிந்தால்தான் எந்த மாதம் நாற்று விடுவது என்று முடிவு செய்ய முடியும். பாக்கெட்டில் ரகம் இல்லை. மாதமும் இல்லை. பங்குனி வெயிலில் தார் உருகும்போது காலிஃபிளவர் விதையைக் கடை வாசலில் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதை வாங்கி முளைக்க வைத்துக் காக்க வைத்துக் கடைசியில் என் கையைக் குறை சொல்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஓசூர்க்காரர்கள் வேறு. "நாங்களும் பக்கத்து மாவட்டம்தான், எங்க மாடியில பாருங்க" என்று குடைமிளகாய், முட்டைக்கோஸ் எல்லாம் வரிசையாக வைத்து வீடியோ போடுகிறார்கள். 2004-இல் ஓசூரோடு கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி. சூளகிரி தாண்டி மேலே ஏறும்போதே பஸ் ஜன்னலில் காற்று மாறுவது தெரியும். தளிப் பக்கம் இன்னும் குளிர். அங்கே குடைமிளகாய்ப் பூ நிற்கும். இங்கே பகல் 32 டிகிரியைத் தாண்டினாலே பூ உதிர்கிறது, சித்திரையில் 38-க்கு மேல் போகிறது, இரவும் சூடு இறங்குவதில்லை. மாடித்தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க வேர் மேல் கக்கும். நிழல்வலை கட்டினேன், தேங்காய்ப் பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் தெளித்தேன். பூ தினமும் கொட்டத்தான் செய்தது. பெருக்கித் தள்ளினேன்.

கேரட் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஐந்து விரலும் விரித்த கை மாதிரி வந்தது. மண்ணில் கல் இருந்தாலோ, மக்காத எரு இருந்தாலோ, நாற்றாகப் பிடுங்கி நட்டாலோ கிழங்கு இப்படிக் கிளை பிரியும். ஆனால் அந்த விதையை விற்றவரே "நாத்து விட்டு எடுத்து நடுங்கம்மா, நல்லா வரும்" என்றார்! கேரட்டை இருந்த இடத்திலேயே விதைத்து, நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட வேண்டும் என்ற அடிப்படை தெரியாதவர் விதைக்கடை வைத்திருக்கிறார். அதோடு எங்கள் தண்ணீர். ஒகேனக்கல் தண்ணீர் வரும் அன்றைக்குக் குடிக்கப் பிடித்து வைப்பதற்கே சரியாகிறது. செடிக்குப் போர் தண்ணீர்தான். தொட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பு கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் வெங்காயத்துக்கும் ஆகவே ஆகாது. பீட்ரூட் ஓரளவு தாங்கும். அதிலும் ஒரு விதை என்று நாம் நினைப்பது உண்மையில் இரண்டு மூன்று விதைகள் ஒட்டிய கொத்து. முளைத்த பிறகு ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளாவிட்டால் கீரைதான் கிடைக்கும், கிழங்கு கிடைக்காது. இதைப் பாக்கெட்டில் ஒரு வரி போட்டால் குடி முழுகிவிடுமா?

கொடிக்காய்களுக்கு வேறு கதை. பீர்க்கன் கொடி பந்தலை மூடிக்கொண்டு பூவாய்ப் பூத்தது, ஒரு பிஞ்சு இல்லை. "மலட்டுக் கொடி, வெட்டிப் போடு" என்றார் மாமியார். முதலில் வருவது ஆண் பூதான், அடியில் குட்டிக் காயோடு வரும் பெண் பூ பிறகுதான் வரும் என்று படித்துச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. பெண் பூவும் வந்தது. மூன்றாவது மாடிக்குத் தேனீ எங்கே வருகிறது? பீர்க்கை, சுரை இரண்டும் சாயங்காலம் பூக்கும். மஞ்சள் பூசணி விடியற்காலையில் பூத்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். ஆக, விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ மாடிக்கு ஓட வேண்டும், குக்கர் விசிலை யார் எண்ணுவது? தடவிக் காய் பிடித்தது. பிடித்த காயில் பழ ஈ குத்தி முட்டை வைத்துவிட்டது, பிஞ்சு கோணிக்கொண்டு அழுகியது. அதற்கும் என் கையா காரணம்?

அவரையைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஊர்க் காய் அது. ராகிக் கொல்லையில் ஊடுபயிராகப் போட்டு எங்கள் தாத்தா காலத்திலிருந்து சாப்பிட்டது. ஆடியில் போட்டால் பகல் பொழுது குறையும் மாதங்களில்தான் பூக்கும், அது பழைய கொடி அவரையின் குணம். என் கொழுந்தனாருக்குக் கடையில் தை கடைசியில் விதையைக் கொடுத்து "எந்தப் பட்டத்திலும் வரும்" என்றிருக்கிறார்கள். கொடி ஆவணி வரைக்கும் இலையும் அசுவினிப் பூச்சியுமாய் நின்றது. குற்றுச்செடி அவரை வேறு, அது எந்தக் காலத்திலும் காய்க்கும். இரண்டுக்கும் ஒரே படம், ஒரே பாக்கெட்.

வெண்டை வருகிறது, கொத்தவரை வருகிறது, கீரை கேட்கவே வேண்டாம். கத்தரியில் தண்டுத் துளைப்பான் புழு தின்றது போக மீதி எங்களுக்கு. அதே கைதானே இதற்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறது? வீட்டுக்காரர், "உழவர் சந்தையில அரை கிலோ வாங்கினா முடிஞ்சுது, எதுக்கு இந்த வேலை" என்கிறார். அவரோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அறிவிக்கப்பட்ட ரகம் என்றால் முளைப்புத்திறனும் தூய்மையும் குறைந்தபட்ச அளவில் இருக்க வேண்டும், சீட்டில் சரியான விவரம் இருக்க வேண்டும் என்கிறது. வயலுக்கு வாங்கும் விதைப் பையில் ரகம், குவியல் எண், பரிசோதித்த தேதி எல்லாம் இருக்கிறது. மாடித்தோட்டத்துக்கு என்று மூட்டையைப் பிரித்துச் சின்னச் சின்னதாகக் கட்டி விற்கும்போது மட்டும் எல்லாம் காணாமல் போகிறது. வெங்காய விதையும் கேரட் விதையும் சீக்கிரம் உயிர் இழப்பவை, எந்த வருஷத்து விதை என்றே தெரியாமல் வாங்கித் தூவுகிறோம்.

என் மேசையில் இப்போதும் அந்தக் காலிஃபிளவர் பாக்கெட் கிடக்கிறது. முன்பக்கம் பளபளவென்று பால் வெள்ளையில் ஒரு பூ, மேலே பனித்துளி வேறு. பின்பக்கம் மொட்டை வெள்ளை. ரகம், நாற்று விடும் மாதம், தாங்கும் வெப்பம், விதை எடுத்த வருஷம், நாலே வரி. பனித்துளிக்குச் செலவழித்த மையில் கால்வாசிகூட ஆகாது.