கடலடி ஹைட்ரேட்: கையிருப்புக் கணக்கை விடுங்கள், பிளவைப் பாருங்கள்

இந்தியக் கடலடியில் 1,894 லட்சம் கோடி கனமீட்டர் எரிவாயு ஹைட்ரேட்டாக உறைந்து கிடக்கிறது என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பக்கத்தில் வந்துவிடும். கீழே ‘இனி அரபு நாடுகளிடம் கையேந்த வேண்டாம்’ என்று நாற்பது பேர் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணுக்கு உற்பத்திக் கணக்கில் ஏறக்குறைய எந்த மதிப்பும் இல்லை என்பது என் கருத்து. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த மண்ணில், எந்தப் பிளவை ஒட்டி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே அடைத்துக்கொள்ளும். பார்க்கப் பனிக்கட்டி, பற்றவைத்தால் எரியும். ஒரு கனமீட்டர் ஹைட்ரேட் உருகினால், நாம் வாழும் அழுத்தத்தில் சுமார் 164 கனமீட்டர் மீத்தேன் வரும். ஆசை கிளம்புவது இந்த எண்ணிலிருந்துதான்.

2006-இல் ‘ஜாய்டீஸ் ரெசல்யூஷன்’ கப்பல் நம் கடல்களில் துளையிட்டபோது, கிருஷ்ணா-கோதாவரி படுகையின் 10-ஆம் துளையிடல் தளத்தில் பெரிய அதிர்ஷ்டம் அடித்தது. நீரின் ஆழம் 1,038 மீட்டர். கடல்தரைக்குக் கீழே ஏறக்குறைய 130 மீட்டர் கனத்துக்கு ஹைட்ரேட் இருந்தது. அழுத்தம் விடாமல் மேலே கொண்டுவந்த கோரை, அதாவது உருளையாக வெட்டியெடுத்த மண் மாதிரியை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் களிமண்ணுக்குள் செங்குத்தாக, சாய்வாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஹைட்ரேட் நரம்புகள் ஓடுகின்றன. மண் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகளில் அது பரவலாக நிரம்பியிருக்கவில்லை. இருப்பதெல்லாம் விரிசலில்.

அது ஏன் விரிசலில் போய் உட்கார்ந்தது? களிமண்ணின் நுண்துளைகள் மிகச் சிறியவை. வாயுக் குமிழி அதற்குள் நுழைய வேண்டுமானால் பெரிய அழுத்தம் வேண்டும். அந்த அளவை எட்டும் முன்பே இளகிய களி கிழிந்துவிடும். கீழிருந்து வாயு ஏறுவதற்குப் பாதை போட்டுக் கொடுப்பவை பெரிய பிளவுகள். கோதாவரியும் கிருஷ்ணாவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் தன் எடையிலேயே கடல் பக்கமாகச் சரிகிறது. மேல்சரிவில் மண் இழுபட்டுப் பிளக்கிறது, அடிவாரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடிகிறது, அடியிலுள்ள இளகிய களிப்பாறை புடைத்து மேடாகிறது. 10-ஆம் தளமும் அப்படி ஒரு மேட்டைச் சேர்ந்ததுதான். அந்தப் பகுதியில் எடுத்த கோர் ஒன்றில் மீத்தேன் கசிவை நம்பி வாழும் சிப்பிகளின் ஓடுகளும், கசிவால் உண்டான கார்பனேட்டும் கிடைத்தன. அதாவது, ஒரு காலத்தில் வாயு கடல்தரைவரைக்கும் வந்து வெளியேறியிருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் நியாயமாகவே எழும். வாயு மேலே ஏறும் வழியெல்லாம் ஹைட்ரேட் உறையக்கூடிய குளிரும் அழுத்தமும் இருக்கும்போது, பாதியிலேயே உறைந்து பாதையை அடைத்துவிடாதா? அடைக்கத்தான் பார்க்கும். ஆனால் ஹைட்ரேட் கூண்டுக்குள் உப்புக்கு இடமில்லை. உறைய உறைய நல்ல நீர் செலவாகி, மிஞ்சும் நீர் உப்புக் கூடிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் அந்த உப்பு நீரில் புதிதாக ஹைட்ரேட் உருவாகாது; வாயு வாயுவாகவே கடந்து போகும். அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் ‘ஹைட்ரேட் ரிட்ஜ்’ உச்சியில் மண்ணின் நுண்துளைகளில் உப்பேறிய நீர் கிடைத்ததை இப்படித்தான் விளக்குகிறார்கள்.

அழுத்தத்துக்கு ஒரு தோராயக் கணக்கு போடலாம். 10-ஆம் தளத்தின் ஆழத்தில் மீத்தேன் ஒரு கனமீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும், கடல்நீர் 1,030 கிலோ. ஆக ஹைட்ரேட் அடுக்குக்குக் கீழே ஒவ்வொரு மீட்டர் வாயுத் தூணும் சுமார் 0.09 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நாம் வாழும் காற்றழுத்தம்) கூடுதல் உந்துதல் தரும். மேலே, கடல்தரையிலிருந்து ஹைட்ரேட்டின் அடிவரை உள்ள 160 மீட்டர் இளகிய வண்டலின் நிகர எடையோ 10 பார்தான். நூறு மீட்டர் வாயுத் தூண் சேர்ந்தால் கூரையைத் தூக்கிவிடும் நிலை. பக்கவாட்டு அழுத்தம் அதைவிடக் குறைவு என்பதால் அதற்கு முன்னாலேயே செங்குத்துப் பிளவு திறந்துகொள்ளும். வாயு வெளியேறி அழுத்தம் குறைந்ததும் மூடும், பிறகு மறுபடி சேரும். எனவே ஹைட்ரேட் அடுக்கு ஒரு கெட்டியான மூடி என்று பாடத்தில் வரைவதைப் பிளவு இருக்கும் இடங்களில் நம்பக் கூடாது.

அடுத்தது பி.எஸ்.ஆர்., அதாவது ஒலி அலைகளை அனுப்பி எதிரொலியால் எடுக்கும் சீஸ்மிக் படத்தில் கடல்தரைக்கு இணையாக, மண் அடுக்குகளை வெட்டிக்கொண்டு போகும் கோடு. கடல்தரை எதிரொலிக்கு நேர்மாறாக, அலையின் மேடும் பள்ளமும் தலைகீழாக வரும். ‘பி.எஸ்.ஆர். பரப்பு இவ்வளவு, ஆகவே வாயு இவ்வளவு’ என்று பெருக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோடு பெரும்பாலும் காட்டுவது ஹைட்ரேட்டுக்குக் கீழே உள்ள வாயுவை. கொஞ்சம் வாயு இருந்தாலே போதும், பளிச்சென்று தெரியும். அது கொடுக்கும் நம்பகமான தகவல் வெப்பநிலை. 10-ஆம் தளத்தில் கடல்தரை சுமார் 6.5 டிகிரி. ஆழம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு 45 டிகிரி என்று வைத்தால், 160 மீட்டரில் 13.7 டிகிரி. அங்கே அழுத்தம் 120 பார். அந்த அழுத்தத்தில் கடல்நீரில் மீத்தேன் ஹைட்ரேட் 14 டிகிரியை ஒட்டி உடைகிறது. கோடும் அங்கேதான் விழுகிறது. அந்தமானில் பூமி வெப்பம் மெதுவாகவே கூடுவதால் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் 600 மீட்டர்வரை ஹைட்ரேட் கிடைத்தது. ஒரு பிளவின் அருகே மட்டும் கோடு மேல்நோக்கி வளைந்தால், சூடான நீரோ உப்பு நீரோ அந்த வழியே ஏறுகிறதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அளவெடுப்பதிலும் விரிசல் ஏமாற்றும். துளைக்குள் இறக்கும் மின்தடைக் கருவியின் மின்னோட்டம் பக்கவாட்டில் பாய்கிறது. செங்குத்தான ஹைட்ரேட் நரம்புகள் அதைக் குறுக்கே மறிக்கின்றன. மின்தடை எகிறும். மின்தடையிலிருந்து நிரம்பலைக் கணக்கிட மணல்கல்லுக்கு எழுதிய ஆர்ச்சி சமன்பாட்டில் அப்படியே போட்டால் நுண்துளைகளின் பெரும்பகுதியில் ஹைட்ரேட் நிரம்பியிருப்பதாக விடை வரும். அழுத்தம் விடாமல் எடுத்த கோரைத் திறந்து வாயுவை அளந்தால் நிரம்பியிருப்பது கால் பங்குக்குள். இரண்டுக்கும் அவ்வளவு இடைவெளி. முதலீட்டாளருக்கு எந்த எண்ணைக் காட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, எடுக்க முடியுமா? களி விரிசலில் இருப்பதை இன்றைய முறைகளில் வணிக அளவில் எடுப்பது நடக்காத காரியம் என்றே நினைக்கிறேன். பம்ப் வைத்து அழுத்தத்தைக் குறைத்தால் அது களிமண்ணுக்குள் தூரம் பரவாது. நரம்பு உருகியதும் களி நெருங்கி வழியை மூடும். உருகுவதற்கு வெப்பமும் வேண்டும், ஒரு கிலோவுக்கு 430 கிலோஜூல் அளவில், பனிக்கட்டியைவிடக் கூடுதல். சுற்றுமண் குளிர்ந்து, உருகுவது தானாகவே மந்தமாகும். இதனால்தான் 2015-இல் ஜப்பானின் ‘சிக்யூ’ துளையிடும் கப்பலை வரவழைத்தபோது குறிவைத்தது மணல் அடுக்குகளை. கிருஷ்ணா-கோதாவரியிலேயே அவை கிடைத்தன. செய்திகளில் இந்த வேறுபாடு காணாமல் போய், 2006-உம் 2015-உம் ஒரே ‘புதையல்’ ஆகிவிட்டது.

மணலிலும் பாடு உண்டு. ஜப்பான் நன்காய் பள்ளத்தை ஒட்டி 2013 மார்ச்சில் ஆறு நாளில் சுமார் 1,20,000 கனமீட்டர் எடுத்தது. கிணற்றுக்குள் மணல் ஏறி நிறுத்த வேண்டியதாயிற்று. ஹைட்ரேட்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கும் சிமென்ட், அது போனால் மணல் நிற்காது. 2017-இல் முதல் கிணற்றில் மறுபடி மணல். இரண்டாவது 24 நாள் ஓடியது. தென்சீனக் கடலில் 2020-இல் சீனா படுக்கைவாட்டுக் கிணற்றில் 30 நாளில் 8,61,400 கனமீட்டர் எடுத்தது. நாளுக்கு 29,000-ஐத் தொடவில்லை. ஆழ்கடலில் சாதாரண வாயுக் கிணற்றிடம் நாளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் எதிர்பார்க்கிறார்கள்.

இதில் பிளவு குறுக்கிட்டால் இன்னொரு தலைவலி. மணல் அடுக்கைப் பிளவு வெட்டி, அது கீழே நீர் உள்ள அடுக்கோடு இணைந்திருந்தால், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் நீர்தான் வரும், அழுத்தம் இறங்காது. துளையிடும்போதே கிணற்றுக்குள் செலுத்தும் சேறு சூடாகச் சுற்றினால் கிணற்றுச் சுவரில் ஹைட்ரேட் உருகி, குழி அகன்று, கேசிங்குக்கு (கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாய்க்கு) வெளியே சிமென்ட் பிடிக்காமல் போகும். அந்த இடைவெளி பிளவோடு சேர்ந்தால் வாயு கிணற்றுக்கு வெளியே கடல்தரைக்கு வழி கண்டுபிடிக்கும்.

‘ஹைட்ரேட் எடுத்தால் சுனாமி’ என்று எதிர்ப்பக்கம் பரவுவதையும் அப்படியே ஏற்க முடியாது. அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் நார்வேயின் ஸ்டோரெக்கா கடலடி மண்சரிவு, சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன்பு, 3,000 கனகிலோமீட்டர் அளவு மண். அங்கே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுவது பனியாறுகள் வேகமாகக் கொட்டிய வண்டலில் அடைபட்ட நீரழுத்தமும், அதைக் கிளப்பிவிட்ட நிலநடுக்கமும். அழுத்தம் குறைத்து வாயு எடுக்கும்போது ஹைட்ரேட் இருந்த அடுக்கு இறுகத்தான் செய்யும். கவலைப்பட வேண்டியது இறுகிய பகுதிக்கும் இறுகாத பகுதிக்கும் நடுவே உள்ள எல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு பிளவு இருந்தால் அசைவு அதில்தான் விழும்.

அடுத்த கட்டமாக நம்மூரில் உற்பத்திச் சோதனை நடத்தினால், ‘எத்தனை நாள் எரிந்தது’ என்ற கொடியேற்றச் செய்தி மட்டும் போதாது. ஒரு கனமீட்டர் வாயுவோடு எவ்வளவு நீர் வந்தது, தள்ளி வைத்த கண்காணிப்புக் கிணறுகளில் அழுத்தமும் வெப்பமும் எத்தனை மீட்டர்வரை இறங்கின, மிக அருகிலுள்ள பிளவு எவ்வளவு தூரம், கடல்தரை எத்தனை சென்டிமீட்டர் தாழ்ந்தது: இந்த நான்கையும் வெளியிட வேண்டும்.