கெர்ட்ரூட் கோல்மாரைக் கவிதையிலிருந்து தொடங்கி வாசிப்போம்

ஜெர்மன் கவிஞர் கெர்ட்ரூட் கோல்மாரைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் பெரும்பாலும் அவருடைய இறுதி நாட்களிலிருந்தே தொடங்குகின்றன. பெர்லின் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை பார்த்துவந்த யூதர்களை 1943 பிப்ரவரி 27 அன்று நாஜிகள் வளைத்துப் பிடித்ததையும், அவர்களில் ஒருவரான கோல்மார் மார்ச் 2 அன்று அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குச் சென்ற ரயிலில் ஏற்றப்பட்டதையும் சொல்லிவிட்டு, அதன் பிறகே கவிதைகளை நம் கையில் கொடுக்கிறார்கள். அந்தக் கொடுமையைச் சொல்லாமல் விடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொலையாளிகள் குறித்த தேதியை ஒரு கவிஞருடைய படைப்புக்கு வாசலாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி உள்ளே நுழையும் வாசகர் ஒவ்வொரு வரியிலும் பலியானவரையே தேடுகிறார். எழுதியவர் எவ்வளவு துணிந்தவர், எவ்வளவு தேர்ந்த கைவினை உடையவர் என்பதை அவர் பார்ப்பதே இல்லை.

1894 டிசம்பர் 10 அன்று பெர்லினில் பிறந்தவர் அவர். தந்தை லூட்விக் ஹோட்ஸீஸ்னர் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயும் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினின் தாயும் உடன்பிறந்த சகோதரிகள். கோல்மார் என்பது, குடும்பப் பெயருக்கு மூலமான போலந்து ஊரின் ஜெர்மன் பெயரிலிருந்து எடுத்த புனைபெயர். மொழி ஆசிரியராகப் பயிற்சி பெற்று, முதல் உலகப் போரின்போது பெர்லினுக்கு அருகிலிருந்த டோபெரிட்ஸ் போர்க்கைதிகள் முகாமில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். இளம் வயதில் ஓர் இராணுவ அதிகாரியுடன் ஏற்பட்ட காதலும், குடும்பத்தின் வற்புறுத்தலால் கருவைக் கலைக்க நேர்ந்ததும் அவரை நெடுங்காலம் வதைத்தன. பிறக்காத குழந்தையை நோக்கிப் பேசும் குரல் அவருடைய கவிதைகளில் மீண்டும் மீண்டும் கேட்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். முதல் தொகுப்பு 1917-இல் வந்தது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள், வீடுகளில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் கழிந்தன. பேசவும் கேட்கவும் இயலாத குழந்தைகளுக்கும் அவர் கற்பித்திருக்கிறார். தாயார் நோயுற்றதும் பெர்லினை அடுத்த ஃபின்கென்க்ருக் வீட்டுக்குத் திரும்பினார். 1930-இல் தாயார் இறந்த பின் வீட்டு நிர்வாகமும் தந்தையின் எழுத்து வேலைகளும் அவர் பொறுப்பாயின. அவருடைய கவிதைகள் 1928-இல் ஓர் இலக்கிய வார இதழில் வெளிவரக் காரணமாக இருந்தவர் பெஞ்சமின்தான்.

அந்த வீட்டில், தோட்டத்துக்கும் நாய்களுக்கும் நடுவே, அவர் எழுதிக் குவித்தார். ‘பெண்ணின் உருவம்’ என்று பொருள்படும் பெரிய கவிதை வரிசையில் பல கவிதைகளில் ஒரு பெண் ‘நான்’ என்று தன்னைச் சொல்கிறாள். அவற்றுள் ‘கவிஞர்’ என்ற கவிதையைத்தான் புதிய வாசகர்களுக்கு முதலில் காட்டுவேன். என்னை முழுவதுமாக உன் கைகளில் வைத்திருக்கிறாய், என் இதயம் சிறு பறவையின் இதயம்போல் உன் பிடிக்குள் துடிக்கிறது என்று புத்தகமே வாசகரிடம் பேசுகிறது. கவனமாக இரு, நீ புரட்டுவது ஒரு மனிதரை என்று எச்சரிக்கிறது. இங்கே இரக்கத்தை யாசிக்கும் குரல் இல்லை. வாசகருக்குக் கட்டளையிடும் குரல் இருக்கிறது. இன்னொரு கவிதையில் அவர் தேரையாகிறார். வா, வந்து கொல், உனக்கு நான் அருவருப்பான ஜந்துவாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஆனால் நான் தேரை, என்னிடம் இரத்தினம் இருக்கிறது என்று முடிகிற அந்தக் கவிதை, தேரையின் தலைக்குள் மணி உண்டு என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கையின்மேல் நிற்கிறது. எதுகை பிசகாத, அளவு குலையாத அடிகளுக்குள் இத்தனை மூர்க்கத்தை அடக்கிவைக்க எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை. காப்பிப் பொட்டலங்களோடு கிடைத்த ஊர்களின் சின்னங்கள் அச்சிட்ட வில்லைகளைப் பார்த்து அவர் எழுதிய கவிதைகளில் ஒரு பகுதி 1934-இல் சிறு நூலாக வந்தது. அத்தனை சாதாரணப் பொருள்களிலிருந்து விலங்குகளும் நீர்நிலைகளும் தொன்மங்களும் எழுந்து வருகின்றன.

அவரை ஒதுங்கி வாழ்ந்த, உலகம் அறியாத பெண்ணாகச் சித்தரிப்பவர்கள் 1933-ஐப் படிக்க வேண்டும். ஹிட்லர் பதவிக்கு வந்த அந்த ஆண்டின் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ‘ஊமைகளின் சொல்’ என்ற வரிசையை அவர் எழுதினார். வதைமுகாமைப் பற்றிய கவிதை ஒன்றும் அதில் உண்டு. பெஞ்சமினின் தம்பியும் மருத்துவருமான கேயோர்க் அப்போது சிறைப்பட்டிருந்தார். நடப்பது என்னவென்று தெரியாது என்று பின்னாளில் பலர் சொன்ன ஒரு நாட்டில், கோல்மார் முதல் ஆண்டிலேயே பெயர் சொல்லி எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் படி காப்பாற்றப்பட்டு 1978-இல்தான் கிழக்கு பெர்லினில் நூலாயிற்று. இதற்குப் பிறகும் அவரை வெறும் மென்மையான இயற்கைக் கவிஞர் என்று ஒதுக்குவது அநியாயம்.

1938-இல் வெளியான ‘பெண்ணும் விலங்குகளும்’ என்ற தொகுப்பு, அந்த நவம்பரில் யூதர்கள்மேல் நாஜிகள் நடத்திய வன்முறைக்குப் பின் யூதப் பதிப்பகங்கள் மூடப்பட்டபோது கூழாக்கப்பட்டது. வீட்டைக் கட்டாயத்தின் பேரில் விற்றுவிட்டுத் தந்தையோடு நகரத்து அடுக்ககத்துக்குக் குடிபோனார். 1941 முதல் தொழிற்சாலையில் கட்டாய வேலை. உடன்பிறந்தவர்கள் வெளிநாடு சென்றுவிட, முதிய தந்தைக்காக அவர் பெர்லினிலேயே தங்கினார். 1942-இல் அந்தத் தந்தையையும் தெரெசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

ஸ்விட்சர்லாந்தில் இருந்த தங்கை ஹில்டெவுக்கு எழுதிய கடிதங்களில், கோபுரம்போல் உயர்ந்ததாக, மேகம்போல் கறுத்ததாக இருந்தாலும் என் விதியின்கீழ் நான் போய் நிற்பேன் என்கிறார். சிலர் இதைச் சரணடைதல் என்று வாசிக்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. தப்பிக்கும் வழி அனைத்தும் அடைக்கப்பட்ட பின், தன் மனநிலையைத் தீர்மானிக்கும் உரிமையை மட்டுமாவது அதிகாரிகளிடம் கொடுக்க மறுத்தவரின் பேச்சு அது. வேலை முடிந்த களைப்பிலும் அவர் எழுதினார். ஹீப்ரு கற்று அந்த மொழியிலும் கவிதை முயன்றார். அவை கிடைக்கவில்லை.

பின்னாளில் தொகுப்பாளர்கள் அதிகம் எடுத்தாண்ட கவிதை ‘யூதப் பெண்’. சிறந்த கவிதைதான், ஆயினும் அதை மட்டும் வெளியிட்டால் பழைய வாசல் வழியாகவே வாசகரை அனுப்புகிறோம். அதன் பக்கத்தில் தேரையை வையுங்கள். 1937-இல் எதுகையைக் கைவிட்டு நீண்ட விடுதலை அடிகளில் எழுதிய ‘உலகங்கள்’ வரிசையிலிருந்து ஒன்றையாவது சேருங்கள். பதினேழு கவிதைகள் கொண்ட அந்த வரிசை 1947-இல், அவர் மறைந்த பின், அச்சாயிற்று. நாற்பத்திரண்டு வயதில், அச்சேறும் வாய்ப்பு அநேகமாக இல்லாத நிலையில், ஒரு கவிஞர் தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டு புதிதாகத் தொடங்கியிருக்கிறார். வாழ்க்கைக் குறிப்புகளை எழுதுவோர் அந்த 1937-ஐத்தான் தடித்த எழுத்தில் போட வேண்டும்.